போகவந்தலாவைச் சேமக்காலை

ஹட்டனிலிருந்து நோர்வூட் தாண்டிப் போகவந்தலாவைக்குப் போனால், இரண்டு பக்கமும் தேயிலைதான். கெஹெல்கமு ஓயா ஓடும் அந்தப் பள்ளத்தாக்கில், தூய மரியாள் பெயரால் ஒரு சிறிய அங்கிலிக்கன் ஆலயம் இருக்கிறது. ஆலயத்தோடு சேர்ந்த சேமக்காலையும் உண்டு. தமிழகத்தில் கல்லறைத் தோட்டம் என்கிறோமே, அதை இலங்கைத் தமிழர் சேமக்காலை என்பார்கள். பத்திரமாக வைத்திருக்கும் இடம் என்று காதில் விழுகிற அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்களில் ஒருவர் ஜூலியா மார்கரெட் கேமரன். புகைப்படத்தைக் கலை என்று உலகம் ஒப்புக்கொள்ளாத காலத்தில், அது கலைதான் என்று செய்து காட்டியவர்.

1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராதான் தொடக்கம். இங்கிலாந்தின் வைட் தீவில் கோழிக்கூண்டாக இருந்த கொட்டகையை ஸ்டுடியோ ஆக்கினார். கவிஞர் டென்னிசன், விஞ்ஞானிகள் டார்வின், ஹெர்ஷல் எல்லோரும் அவருக்கு முன்னால் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. அந்தத் தீவில் அவர் வீட்டுக்கு வைத்த பெயர் ‘டிம்போலா’. இலங்கை மலைநாட்டில் கணவருக்கு இருந்த தோட்டத்தின் பெயர் அது.

கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன். இலங்கைப் பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்காகப் படிக்கும் கோல்புறூக் – கேமரன் சீர்திருத்தத்தின் கேமரன் இவர்தான். 1833இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சீர்திருத்தத்தில் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது. சட்டநிரூபண சபை பிறந்தது. பிறகு அவரே இலங்கையில் நிலம் வாங்கினார், கோப்பி விளைந்தது. கண்டிச் சீமைக் குடியானவர்கள் வருடம் முழுவதும் தோட்டக் கூலியாகக் கிடக்க மனம் வைக்கவில்லை. வேலைக்கு ஆள் வந்தது தமிழகத்திலிருந்து. திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள் கடல் தாண்டி மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மலைக்கு நடந்தார்கள். வாந்திபேதி வழியிலேயே பலரைக் கொண்டுபோயிற்று.

1875இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்கே குடிவந்தார்கள். கப்பலேறும்போது தங்களுக்கான சவப்பெட்டிகளையும் சாமான்களோடு ஏற்றிக்கொண்டார்கள் என்று அவர்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. ஜூலியா கேமராவை விடவில்லை. ஆனால் கண்ணாடித் தகட்டைக் கழுவச் சுத்தமான தண்ணீர் வேண்டும், இரசாயனம் வேண்டும். இரண்டுக்கும் இங்கே தட்டுப்பாடு. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன.

என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்தப் படங்களிடம்தான். பூக்களையும் மரங்களையும் வரைந்து உலகம் சுற்றிய மரியான் நார்த், 1877இல் களுத்துறையில் கேமரன் வீட்டுக்கு வந்தார். அங்கே கேட்ட ஒரு சங்கதியை எழுதி வைத்திருக்கிறார். ஒருவனுடைய முதுகின் அழகில் மயங்கிய ஜூலியா, அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் சொல்லிவிட்டாராம். வீட்டில் தோட்டமே கிடையாது! முதுகைப் பற்றி எழுதியிருக்கிறது, பெயர் இல்லை. களுத்துறைக் குடியானவர்கள் என்ற படத்தின் கீழே, சிறுமிக்கு வயது 12 என்றும், கிழவர் தானே அவள் தகப்பன் என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்வதாக ஜூலியாவே குறித்திருக்கிறார். வயதைக் கேட்டவர் பெயரையும் கேட்டிருக்கலாம். வைட் தீவில் மாதாவாக வேடமிட்டு நின்ற வீட்டு வேலைக்காரப் பெண்ணை மேரி ஹில்லியர் என்று இன்றும் சொல்ல முடிகிறது. இலங்கைப் படங்களில் தோட்டத் தொழிலாளர்களும் நிற்கிறார்கள். தலைப்பில் அவர்களுக்கு உள்ளது தொழில் மட்டும்தான்.

இதற்காக ஜூலியாவை வெறுக்க எனக்கு மனம் வரவில்லை. டார்வினைப் பார்த்த அதே கண்ணால்தான் இவர்களையும் பார்த்தார். அந்தப் படங்களில் யாரும் குனிந்து நிற்கவில்லை. அதனாலேயே அந்தப் பெயர்கள் இல்லாதது இன்னும் உறுத்துகிறது.

1879 ஜனவரி 26இல் ஜூலியா இறந்தார். மறு வருடம் மே மாதத்தில் சார்ல்ஸ். அதற்குள் 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது. கோப்பி போன மலைகளில் தேயிலை வந்தது. துரைமார் மாறினார்கள், பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்கள் மாறவில்லை.

அவர்களில் இறந்தவர்களைத் தோட்டத்து மண்ணிலேயே புதைத்தார்கள். மலையகத்தின் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர், தேயிலைக்கு அடியில் மண்ணாகிக் கிடக்கும் முன்னோருக்கு நினைவுச் சின்னம் ஏதுமில்லை என்று ஆங்கிலத்தில் பாடியது இவர்களைத்தான். ஆக, ஆலயத்து வேலிக்கு உள்ளே மட்டும் இருப்பதல்ல அந்தச் சேமக்காலை. கல் நட்ட பகுதி உள்ளே. நடாத பகுதி வெளியே, கொழுந்து பறிக்கும் இடமெல்லாம்.

ஆனால் அங்கிலிக்கன் சபைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு: ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று எல்லாவற்றையும் பெயரோடு பேரேட்டில் எழுதி வைப்பார்கள். 1850களின் நடுவிலிருந்தே, தோட்டத் தமிழருக்காகத் தொடங்கிய மிஷனுக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் போயிருக்கிறார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களில் லயம் லயமாக ஏறி இறங்கி, தமிழ்ப் பெயரைத் தமிழ்க் காதால் கேட்டவர்கள் அவர்கள். மலைநாட்டு ஆலயங்களின் பழைய பேரேடுகளைக் கறையான் அரிக்கும் முன் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து வைக்க வேண்டும். கேமராவை நேசித்த ஒருத்தி கிடக்கும் சேமக்காலையிலிருந்தே அந்த வேலையைத் தொடங்கலாம். அந்தக் கிழவரும் சிறுமியும் நிற்கும் படத்தையும் சட்டம் போட்டு ஆலயத்துக்குள் ஒரு சுவரில் மாட்டலாம், ஜூலியாவைத் தேடி வருகிறவர்கள் அவர்களையும் பார்த்துவிட்டுப் போக.