ஈரமின்மை

அன்பற்றவரை ஆங்கிலேயர் குளிர்ந்த நெஞ்சினர் என்பர். தமிழரோ நெஞ்சில் ஈரமற்றவர் என்பர். சுட்டும் குறை ஒன்றே, உருவகம் வேறு. பனி மூடும் நாட்டார்க்கு வெப்பம் உயிர்காக்கும் பொருள். வெயில் காயும் நாட்டார்க்கு நீரே அத்தகையது எனலாம். ஆதலின் தமிழில் தண்மை அன்பின் பக்கத்தது. அருளைத் 'தண்ணளி' என்றும், மகிழ்தலை 'அகங்குளிர்தல்' என்றும், கொடுங்கோலை 'வெங்கோல்' என்றும் வழங்குவர். வெம்மை விருப்பத்தையும் குறிக்கும் எனத் தொல்காப்பிய உரியியல் கூறினும், தண்மையை அன்பின்மைக்கு ஆளுதல் பண்டை வழக்கிற் காண்டற்கரிது.

திருக்குறளின் இனியவைகூறல் அதிகாரத்து முதற் குறளில் வரும் 'ஈரம்' என்பதற்குப் பரிமேலழகர் அன்பு என்றே பொருள் கொண்டார். அவ்வன்பு இல்லாமையே ஈரமின்மை.

இதனை வன்கண்மையோடு ஒன்றாகக் கொள்ளலாகாது. வன்கண் என்பது கொடுமையைக் குறிப்பினும், அமைச்சு என்னும் அதிகாரத்திலே தளராத உறுதி என்னும் நற்பொருளில் வரும். ஈரமின்மைக்கு அவ்வாறு நற்பொருள் இல்லை. மேலும், வன்கண்மை செயலிலே வெளிப்படும். ஈரமின்மை தீச்செயலின்றியும் அமையும். இரப்போன் முகத்தை நோக்காது காசிடுவோன் கொடியனல்லன். அவனிடத்து ஈகை உண்டு, ஈரம் இல்லை.

மொழிபெயர்க்கும் மாணவர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. மனமின்றி அளித்த வரவேற்பைக் 'குளிர்ந்த வரவேற்பு' என எழுதின், படிப்போர் அதனை மனங்குளிர்ந்த வரவேற்பு என்றே கொள்வர். சொற்கள் சரியாயிருக்கப் பொருள் தலைகீழாகிவிடும். 'முகங்கொடாத வரவேற்பு' என்பதே தமிழ்.