ராஜ திராட்சையின் இரண்டாவது இன்னிங்ஸ்

ஹைதராபாத்தின் பந்தல்களை நகரம் விழுங்கிவிட்டது. ஆனால் அந்த வெள்ளைத் திராட்சையின் வாரிசுகள் ஒயின் கோப்பைக்குத் தயார்.

பெயரிலேயே ராஜ களை. அனாப் என்றால் திராட்சை. ஷாஹி என்றால் அரசருக்குரியது. நிஜாம் ஆட்சிக் காலத்தில் ஹைதராபாத்தில் வேரூன்றிய வெள்ளைத் திராட்சைதான் அனாப்-எ-ஷாஹி. நீண்டு பருத்த பழம். நன்றாகப் பழுத்தால் தேன் நிறம். உள்ளே விதை உண்டு.

விளைச்சலில் இது அசுர ரகம். ஹெக்டேருக்குச் சராசரியாகவே 35 டன். குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் திராட்சைக் கொடி இலை உதிர்த்து உறங்கிவிடும். தக்காணத்தில் அந்த உறக்கம் கிடையாது. எனவே கொடிக்குப் பருவத்தை அறிவிப்பது விவசாயியின் கத்தரிதான். ஏப்ரல் வாக்கில் முதல் கவாத்து; அதில் துளிர்க்கும் கிளைகளில் பூங்கொத்து கருவாகிறது. அக்டோபரில் இரண்டாவது கவாத்து. கொத்துகள் வெளியே வருகின்றன. பிப்ரவரி முதல் அறுவடை. நடுவே மழை பிடித்துக்கொண்டால் அடிச்சாம்பல் நோய் தாக்கும். அந்த நோய்க்கு இந்த ரகம் சுலபமான இரை.

இவ்வளவு காய்த்தும் இது ஒயின் பழம் ஆகவில்லை. காரணம் எளிய கணக்கு. சாறு நொதிக்கும்போது லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை 1 சதவீத ஆல்கஹாலாக மாறுகிறது. 12 சதவீத ஒயினுக்குச் சாறில் 21, 22 சதவீதமாவது சர்க்கரை தேவை. அனாப்-எ-ஷாஹியில் இருப்பதோ 14 முதல் 16 சதவீதம். தவிர, மணத்தின் பெரும் பங்கு தோலில்தான் இருக்கிறது. பெரிய பழத்தில் சாறு ஏராளம், அதற்கேற்ற தோல் இல்லை. பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் வட்டாரங்கள் பலவற்றில் விளைச்சலுக்கே உச்சவரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

சாப்பாட்டு மேஜையிலும் சிம்மாசனம் நிலைக்கவில்லை. விதையில்லாத தாம்சன் ரகம் சந்தையைப் பிடித்தது. நிலத்தடி நீர் இறங்கியது. மேட்சல், ஷம்ஷாபாத் பக்கம் திராட்சை நிலங்களை நோக்கி நகரம் நகர்ந்தது. 2008இல் ஷம்ஷாபாத்தில் சர்வதேச விமான நிலையம் திறந்தபோது, திராட்சையைவிட நிலத்தை விற்பதே லாபம் என்ற நிலை உறுதியானது.

ஆனால் கதை பெங்களூரில் தொடர்ந்தது. அருகிலுள்ள ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், 'க்வீன் ஆஃப் தி வைன்யார்ட்ஸ்' என்ற ஹங்கேரிய ரகத்தோடு அனாப்-எ-ஷாஹியைக் கலந்தார்கள். பிறந்தவை அர்கா காஞ்சன், அர்கா சோமா. ஹைதராபாத் உறவிடமிருந்து பெரிய கொத்து. ஹங்கேரிய உறவிடமிருந்து மஸ்கட் மணம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை முகர்ந்தவர்களுக்கு இந்த மணம் அந்நியமல்ல. அதுவும் மஸ்கட் வம்சமே. அர்கா சோமா, இனிப்பான வெள்ளை ஒயினுக்கு ஏற்றது. பெங்களூர் நீலத் திராட்சையோடு கலந்து உருவான அர்கா ஹன்ஸும் ஒயினுக்கு உகந்ததே.

இந்த ஒயினை எதோடு அருந்துவது? ஹைதராபாத் சமையலே பதில் சொல்கிறது. மிர்ச்சி கா சாலன் போன்ற காரத்தின் முன் சிவப்பு ஒயினின் துவர்ப்பு எரிச்சலைக் கூட்டும்; ஆல்கஹால் அதிகமானாலும் அப்படியே. லேசான இனிப்பும் புளிப்பும் கொண்ட, நன்கு குளிர்வித்த வெள்ளை ஒயின் நாக்கை ஆற்றும். பிரியாணிக்கும் அதுவே பொருத்தம். குபானி கா மீட்டா போன்ற இனிப்புக்கு ஒயின் அதைவிட இனிப்பாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் புளித்துத் தெரியும்.

இன்று இந்திய வெள்ளை ஒயின் என்றால் நாசிக் பக்கத்துச் செனின் பிளாங்க், சாவின்யான் பிளாங்க்தான். இரண்டுமே பிரான்சிலிருந்து வந்தவை. மண்ணுக்குப் பழகிய கலப்பினங்கள் அவற்றின் நிழலில் நிற்கின்றன. இன்னொரு அர்கா சோமா வேண்டுமென்றால், கலப்பதற்குத் தாய்க்கொடி உயிரோடு இருந்தாகவேண்டும். ஹைதராபாத் ராஜேந்திரநகரில் இருப்பது போன்ற திராட்சை ஆராய்ச்சி நிலையங்களின் பந்தல்கள் காய்ப்பதற்கு மட்டுமல்ல, காப்பதற்கும்தான். வீட்டு மனையாகிவிட்ட தோட்டத்தில் மறுபடி கொடி நட யாரும் வரப்போவதில்லை.