மின்னிரைச்சலும் காவற்கருவியும்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே, உரத் தொழிற்சாலையொன்றிற்கு அமோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயினின்று அவ்வாயு கசிந்தது. உறங்கிக்கிடந்த மக்கள் மூச்சுத் திணறித் தெருவிற்கு ஓடினர். 50-க்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். மனிதரின் நாசிக்கு முன்னரே நஞ்சை உணர்ந்து எச்சரிக்கும் கருவியின் அவசியத்தை அவ்விரவு விளக்கிற்று.

அத்தகைய கருவியினுள் ஒரு சிறு இரசாயனக் கலம் உண்டு. அமோனியா அதனுட் புகின் மின்னோட்டம் பிறக்கும். காற்றில் பத்துலட்சத்தில் ஒரு பங்கு அமோனியா இருப்பின், அவ்வோட்டம் ஓர் ஆம்பியரில் ஏறத்தாழக் கோடியில் ஒரு கூறேயாம். இத்துணை மெல்லிய குரலைக் கேட்கச் சுற்றிலும் அமைதி வேண்டுமன்றோ?

இராயபுரம் முதல் எண்ணூர்வரை அவ்வமைதி அரிது. துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும் ஆலை மோட்டார்களும் ஓடுந்தோறும் நிற்குந்தோறும் மின்கம்பியில் அதிர்வெழுப்புகின்றன. அன்றியும், கருவிக்கு மின்சாரம் அளிக்கும் இக்காலத்து மின்வழங்கி, நொடிக்குப் பல்லாயிரமுறை ஓட்டத்தை விட்டும் நிறுத்தியும் தொழில் செய்வதாகலின், தானும் இரைச்சலைக் கூட்டுகின்றது.

இதற்குப் பரிகாரம் யாது?

முதலாவது, வடிகட்டுதல். மின்வழங்கியை அடுத்து 10 ஓம் மின்தடையும், அதன்பின் 100 மைக்ரோபாரட் மின்தேக்கியும் அமைப்பின், நொடிக்கு ஏறக்குறைய 160-க்கு மேற்பட்ட அதிர்வுகள் வரவரத் தேயும். பம்பின் துடிப்பை மேல்தொட்டி விழுங்கி, நீரைச் சீராக ஒழுகவிடுவதை இஃது ஒக்கும். அதிவிரைவான அதிர்வுகளுக்குப் பெரிய மின்தேக்கி உதவாது, 0.1 மைக்ரோபாரட் அளவுள்ள சிறியதொன்றைப் பெருக்கியின் காலருகே இணைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பிரித்தல். அபாயச் சங்கின் மின்னோட்டம் திரும்பும் கம்பி வழியே உணர்கருவியின் ஓட்டமும் திரும்பலாகாது. சங்கு ஊதும்போது அக்கம்பியில் எழும் அழுத்தம் உணர்கருவியின் அளவைப் பிறழச் செய்யும். இரண்டும் தனித்தனியே வந்து ஓரிடத்தில் மட்டும் கூடுக.

மூன்றாவது, சராசரி காணுதல். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. மேற்கூறிய வடிகட்டிக்கு அஃது அகப்படாது. ஆயின், 20 மில்லிநொடி முழுவதும் அளந்து சராசரி எடுப்பின், அவ்வலையின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இவற்றைப் புறக்கணித்தால் விளைவென்ன? கருவி காரணமின்றி ஓலமிடும். சலித்த காவலர் எச்சரிக்கை எல்லையை உயர்த்துவர். அன்றேல் அதன் வாயையே அடைப்பர். புலி வருகிறதெனப் பொய்க்கூச்சலிட்ட சிறுவனை, மெய்யாகவே புலி வந்த அன்று எவரும் நம்பவில்லை. மாணவ நண்பர்காள்! சில ரூபாய் பெறும் மின்தேக்கியை அற்பமென்று எண்ணற்க. உறங்கும் குப்பத்தார் அதனை நம்பியே கண்ணயர்கின்றனர்.