பெரியப்பா மறைத்த வலி

காரைக்காலிலிருந்து நாகூர் போகும் பஸ்ஸில் ஏறினால், திருமலைராயன்பட்டினம் என்ற பெயரைக் கண்டக்டர் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். அத்தனை நீளத்துக்குப் பொறுமை இல்லாமல் உள்ளூர்க்காரர்களே 'டி.ஆர். பட்டினம்' என்று சுருக்கி வைத்திருக்கிறார்கள். காளமேகப் புலவர் கோபம் கொண்டு மண்மாரி பொழியப் பாடினார் என்று கதை சொல்கிறார்களே, அந்த ஊர்தான். கதையை எனக்குச் சொன்னவர் என் பெரியப்பா. ரிட்டையரான பள்ளிக்கூட வாத்தியார். 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியபோது அவர் அரைக்கால்சட்டைப் பையன். இன்றும் கோபம் வந்தால் பிரெஞ்சில்தான் திட்டுவார். வீட்டில் யாருக்கும் அர்த்தம் புரியாது என்பது அதில் ஒரு சௌகரியம்.

அந்தப் பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். கேட்டதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், வாசகர்களே. குடும்பப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று நினைத்து நினைத்துத்தான், நம் வீட்டுப் பெரியவர்கள் நோய் முற்றும் வரை வாயைத் திறப்பதில்லை.

நெல்லிக்காய் அளவுள்ள சுரப்பி அது. ஆண்களுக்கு மட்டும் உண்டு. மூத்திரப்பைக்கு அடியில், சிறுநீர் வரும் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. வயதானால் அது பெருத்து, இரவில் ஐந்தாறு தடவை எழுந்திருக்க வைப்பது சகஜம். அதெல்லாம் புற்றுநோய் ஆகிவிடாது. ஆனால் பெரியப்பாவுக்கு இடுப்பும் முதுகும் வலித்தன. "வயசாச்சு, வலி இருக்கத்தான் இருக்கும்" என்று ஒரு டாக்டர் தைலம் எழுதிக் கொடுத்தார். பல மாதம் கழித்துப் பரிசோதனை செய்து பார்த்தபோது, நோய் முதுகெலும்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இந்த நோய்க்கு எலும்பின் மேல்தான் ஆசை.

அந்தக் கட்டத்திலும் வைத்தியம் இல்லாமல் இல்லை. ஆண் ஹார்மோனை அடக்கினால் இந்தப் புற்று ஒடுங்குகிறது என்று சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் 1941-ல் கண்டு சொன்னார். அதற்காக 1966-ல் நோபல் பரிசும் வாங்கினார். இன்று மாதத்துக்கு ஒன்றோ, மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி போட்டு அதையே செய்கிறார்கள். நோய் சில காலம் அடங்கிக் கிடக்கும். பிறகு விழித்துக்கொள்ளும். அதற்கும் அடுத்த மருந்துகள் உண்டு. ஊசி போட்டுக்கொண்டால் திடீர் திடீரென்று உடம்பு தகிக்கும், வியர்த்துக் கொட்டும். "ஐம்பது வயசில் நான் பட்டதை எண்பதில் இவர் படுகிறார்" என்று பெரியம்மா சொன்னாள். அவள் குரலில் வருத்தம் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் ஒரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. பெரியப்பாவிடம் 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லி வைத்திருந்தார்கள். பெரியப்பாவோ, யார் கேட்டாலும் "வலியா? ஒன்றுமில்லையே!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அண்ணி துணி துவைக்கும்போது அவருடைய துண்டைப் பிரித்துப் பார்த்தாள். நடுவில் வரிசையாகப் பொத்தல்கள். பல் பதிந்த இடங்கள்! ராத்திரியில் முனகல் கேட்டுவிடக் கூடாதே என்று துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார் மனிதர்.

அந்த வாரம் நான் போயிருந்தேன். அண்ணி துண்டை என் கையில் கொடுத்துவிட்டு அழுதாள். நான் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"தம்பி, எனக்குத் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? மித்தரானுக்கு வந்த வியாதிதானே?"

பிரான்சுவா மித்தரான் 1981 மே மாதம் பிரான்சின் ஜனாதிபதியானவர். அதே வருஷம் நவம்பரில் அவருக்கு இந்த நோய் இருப்பதும், எலும்பு வரை பரவியிருப்பதும் டாக்டர்களுக்குத் தெரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தம் உடல்நிலையை நாட்டுக்குத் தெரிவிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தவர், அறிக்கைகளில் நோயைச் சொல்லவிடவில்லை. 1992-ல் அறுவை சிகிச்சை நடந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு தடவை ஏழேழு வருஷம் ஆண்டு முடித்து, 1996 ஜனவரி 8-ல் காலமானார். "பதினாலு வருஷம் இருந்தாரே, நான் எதற்குச் சொல்ல வேண்டும்?" என்றார் பெரியப்பா. ராஜாங்க ரகசியத்துக்கு ஒரு காரணம் இருக்கலாம். துண்டைக் கடிக்கிற ரகசியத்துக்கு என்ன காரணம்? "நீங்கள் பயப்படுவீர்கள் என்று" என்றார். நாங்களும் அதையே சொல்லித்தானே அவரிடம் மறைத்தோம்?

மறுவாரம் காரில் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று சுமார் 130 கிலோமீட்டர் போய்ப் புதுச்சேரியில் காட்டினோம். அங்கே டாக்டர் பெரியப்பாவிடமே கேட்டார்: "ஐயா, வலி பத்துக்கு எத்தனை?" முன்னாள் வாத்தியார் அல்லவா, மார்க்குப் போடத் தெரியாதா? "எட்டு" என்றார். பெரியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மார்பின் மாத்திரை எழுதினார். அபினிலிருந்து எடுக்கிற மருந்து என்றதும் அண்ணனுக்குக் கை நடுங்கிற்று. 'பழக்கமாகிவிடுமோ? முடிவு காலத்தில் கொடுப்பது அல்லவா?' நீங்களும் இதையேதான் கேட்பீர்கள். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர்கள் அதற்கு அடிமையாவது மிக அபூர்வம். முடிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கணக்கு வலியைப் பார்த்துத்தான். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் சர்க்கார் அனுமதியோடு அபின் பயிரிடுகிற தேசம் நம்முடையது. ஆனாலும் 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்பினை வாங்கவே தயங்கின. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரண சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அவரைப் போன்றவர்கள் பல வருஷம் முட்டி மோதிய பிறகுதான் 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. இன்றும் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க வேண்டும். கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

சாதாரண மார்பின் மாத்திரையை, டாக்டர் சொன்ன இடைவெளியில், பெரும்பாலும் நாலு மணிக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கல் நிச்சயம் வரும். ஆகையால் அதற்கான மருந்தும் கூடவே. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பயப்பட வேண்டாம். ஓர் எலும்பு மட்டும் படுத்தினால், ஒரே ஒரு தடவை கதிர்வீச்சுக் கொடுத்தே பலருக்கு வலி குறைந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கால்கள் திடீரென்று பலம் இழந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் நின்றாலோ முதுகுத்தண்டில் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தமாகலாம். விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே கிளம்புங்கள். தாமதித்தால் நடை திரும்பாமல் போகலாம்.

மற்ற சிசுருஷை பழகப் பழக வந்துவிடும். படுக்கையோடு இருக்கிற நாட்களில் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, டியூபோடு கூடிய சிறுநீர்ப் பையை இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்கவிடுவது, இரண்டு வாய் ரசம் சாதம் போதும் என்றால் விட்டுவிடுவது. பையைக் காலி செய்ய மருமகள் வந்தால் பெரியப்பா கூசிப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். அண்ணன் நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த வேலை பெண்களுடையது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணிக்கு முதுகு பிடித்துக்கொண்ட அன்றைக்குத்தான் அவர் பையைத் தொட்டார். இப்போது அது அவர் வேலை.

அண்ணி ஒரு நாற்பது பக்க நோட்டில் மணியும், மாத்திரையும், வலிக்கு மார்க்கும் எழுதி வைக்கிறாள். எட்டு ஆறாகி, நாலாயிற்று.

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். மீனவர் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்று ஐதீகம். அதனால் மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்று கொண்டாடி வரவேற்பார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று பெரியப்பாவுக்கு ஆசை. மாத்திரை கொடுத்து, தலையணை அண்டக் கொடுத்து, ஆட்டோவில் மெள்ள அழைத்துப் போனோம். பிளாஸ்டிக் நாற்காலியில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். கூட்டம் மறைத்தபோது பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது!

அன்றைக்கு நோட்டில் எழுதியிருப்பது அண்ணியின் கையெழுத்தல்ல. கொஞ்சம் கோணலான பழைய வாத்தியார் எழுத்து. 'கடற்கரை. மாப்பிள்ளை வந்தார். வலி 2.'