காளையின் விந்துக் கலமும் மென்சவ்வு நொதியங்களும்

பசு சினைப்படாதவிடத்துப் பழி பெரும்பாலும் பசுவின் மீதே சுமத்தப்படுகின்றது. பொலிகாளையிடத்துக் குறை இருத்தல் கூடுமென எண்ணுவோர் சிலரே. சினை தங்காத ஒவ்வொரு முறையும் கமக்காரன் ஏறக்குறைய 21 நாள்களை இழக்கின்றான். கன்றும் பாலும் அந்த அளவுக்குப் பிந்துகின்றன. ஆதலின் விந்துக் கலம் உருவாகும் முறையை அறிந்திருத்தல் கால்நடை வளர்ப்போனுக்கு வீண் கல்வி ஆகாது.

காளையின் விதையிலே மூலக் கலமொன்று விந்துக் கலமாக வடிவெடுப்பதற்கு ஏறக்குறைய 61 நாள்கள் செல்லும். அதன்பின் விதையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் நீண்ட குழாயினூடே 8 முதல் 11 நாள் வரை சென்றே அது நீந்தும் ஆற்றலைப் பெறுகின்றது. விதையினுள் நிகழும் இறுதிப் படியே வியப்புக்குரியது. உருண்டைக் கலம் நீள்கின்றது, கரு ஒடுங்குகின்றது, வால் முளைக்கின்றது, மிகையான குழியவுரு கழிக்கப்படுகின்றது. இவ்வாறு ஒரு கலம் தன்னைத் தானே மாற்றியமைக்குமிடத்துப் பழைய புரதங்களை வெட்டி நீக்குங் கருவிகளும் வேண்டும். புரதத்தை வெட்டும் நொதியங்களே அக்கருவிகள்.

இவற்றுட் சில மென்சவ்வின் கொழுப்புப் படையினுள்ளே புதைந்துள்ளன. புரதத்தை வெட்டுதற்கு நீர் இன்றியமையாதது. கொழுப்போ நீரை விலக்குவது. தம் உடலிலேயே நீர் புகுதற்கொரு குழிவை அமைத்து இந்நொதியங்கள் அவ்விடரைத் தீர்த்துக் கொள்கின்றன. எஸ்.பி.பி.எல். 2சி என்பது அத்தகைய ஒன்று. உருப்பெற்று வரும் விந்துக் கலங்களிற் காணப்படுவது. இந்நொதியம் இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தோர் 2019 ஆம் ஆண்டிலே தம் முடிபுகளை வெளியிட்டனர். அவ்வெலிகளில் நீண்ட நிலைக் கலங்கள் ஒரு பகுதி குறைந்தன. முதிர்ந்த விந்துக் கலங்களின் அசைவுந் தளர்ந்தது. கல்சியப் பம்பியைக் கட்டுப்படுத்தும் பொசுபொலம்பன் என்னும் புரதம் வெட்டுண்ணாது தேங்கியது. கலத்தினுட் கல்சியமுங் குன்றியது. ஆயினும் அக்கிடாய்கள் மலடாகவில்லை. பெட்டையும் கிடாயும் ஆகிய இரண்டும் அந்நொதியத்தை இழந்திருந்தபோதே ஈற்றிற் குட்டிகளின் தொகை குறைந்தது.

மென்சவ்வின் மேற்புறத்தே நங்கூரமிட்டுள்ள தெசுத்திசின் என்னும் நொதியத்தின் கதை இன்னுந் தெளிவானது. அதனை இழந்த சுண்டெலிகளின் விந்துக் கலங்களில் வால் வளைந்துஞ் சுருண்டும் இருந்தது. கழுத்து நலிந்து, தலை எளிதிற் கழன்றது. இது 2009 இல் வெளிவந்த முடிபு.

இவை சுண்டெலியிற் கண்டவை. காளையொன்றின் விந்திலே தலை கழன்ற கலங்கள் தோன்றின் அதற்கு நொதியக் குறையே ஏதுவெனத் துணிதல் தவறு. பண்ணையிலே வெப்பமும் காய்ச்சலுமே பெரிதும் ஐயுறத்தக்கவை. விதை, உடல் வெப்பத்திலும் 2 முதல் 6 பாகை செல்சியசு வரை குளிர்ந்திருத்தல் வேண்டும். காய்ச்சலாற் பழுதுற்ற கலங்கள் அன்றே வெளிவருவதில்லை; ஓரிரு வாரங் கழித்தே விந்திற் காணப்படும். காய்ச்சல் தணிந்து காளை நன்றாக மேயத் தொடங்கிய பின்னரே சினை தவறுதல் மிகுவது இதனாலேயாம். அந்நிலையிற் காளையை இறைச்சிக்கு விற்போர் நல்ல இனத்தை இழப்பர். நுணுக்குக்காட்டியால் விந்தை ஆராயும் மிருக வைத்தியரிடம் ஒரு முறை காட்டி, காய்ச்சல் நீங்கிப் பத்து வாரத்தின் பின் மீண்டும் காட்டுக. அதுவரை அக்காளையைப் பசுக்களோடு சேர்த்தலாகாது. நிழலும் நிறைந்த தண்ணீரும் அதற்குக் கொடுக்கப்படல் வேண்டும்.