மலேசிய நிபா தீநுண்மத் தொற்று (1998–1999)

மலேசிய நிபா தீநுண்மத் தொற்று என்பது 1998–1999 ஆம் ஆண்டுகளில் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் பரவி, அங்கிருந்து மனிதர்களைத் தாக்கிய நோய்ப் பரவலாகும். மலேசியாவில் 265 பேர் மூளையழற்சிக்கு உள்ளாகினர். அவர்களுள் 105 பேர் இறந்தனர்.

தொடக்கம்

1998 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகரை அடுத்த பண்ணைகளில் நோய் முதலில் காணப்பட்டது. நோயுற்ற பன்றிகள் விற்கப்பட்டதால், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஆகிய இடங்களுக்கும் அது பரவியது. பன்றிகளுக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் உரத்த இருமலும் ஏற்பட்டன. எனினும் அவற்றில் பெரும்பாலானவை பிழைத்துக் கொண்டதால் நோயின் கடுமை உடனே உணரப்படவில்லை.

தவறான கணிப்பு

தொடக்கத்தில் இது கொசுக்களால் பரவும் சப்பானிய மூளையழற்சி எனக் கருதப்பட்டது. கொசு மருந்து அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. ஆனால் நோய் குறையவில்லை. சப்பானிய மூளையழற்சி பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கோ பன்றிகளை நேரடியாகக் கையாண்ட பெரியவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டனர். தடுப்பூசி போட்டுக் கொண்டவர்களும் நோயுற்றனர்.

கண்டுபிடிப்பு

1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து புதிய தீநுண்மத்தைப் பிரித்தெடுத்தார். இது 1994 இல் ஆத்திரேலியாவில் கண்டறியப்பட்ட எண்டிரா தீநுண்மத்தின் நெருங்கிய உறவாகும். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே இதற்கு இடப்பட்டது.

பரவும் முறை

பழந்தின்னி வௌவால்களே இத்தீநுண்மத்தின் இயற்கை உறைவிடம். பண்ணைகளை ஒட்டி வளர்ந்த பழமரங்களுக்கு வந்த வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்கள், அவற்றின் சிறுநீர் ஆகியவற்றின் வழியே பன்றிகளுக்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. நோயுற்ற பன்றிகளின் உமிழ்நீர், சளி போன்றவற்றின் வழியே மனிதர்களுக்குத் தொற்றியது.

கட்டுப்பாடும் விளைவுகளும்

மலேசியாவிலிருந்து பன்றிகளை இறக்குமதி செய்த சிங்கப்பூரில் இறைச்சிக்கூடப் பணியாளர்கள் 11 பேர் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். சிங்கப்பூர் இறக்குமதியை நிறுத்தியது. மலேசியாவில் பன்றிகளின் இடமாற்றம் தடை செய்யப்பட்டு, 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. இதன் பின்னரே நோய் அடங்கியது. நூற்றுக்கணக்கான பண்ணைகள் மூடப்பட்டு, பல குடும்பங்கள் வாழ்வாதாரத்தை இழந்தன.

பின்னர் வங்காளதேசத்திலும், கேரளத்தில் 2018 ஆம் ஆண்டிலும் ஏற்பட்ட நிபா தொற்றுகளில் பன்றிகளுக்குப் பங்கில்லை.