தெரியாத அமைப்பைக் கண்டால் மென்பொருள் ஏன் நிற்க வேண்டும்?

சர்வரில் தொலைநுழைவுக்கான எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் 'பெர்மிட்ரூட்லாகின் நோ' என்று எழுதும்போது ஓர் எழுத்து விட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருள் அந்த வரியின் எண்ணையும் புரியாத சொல்லையும் காட்டிவிட்டு, தொடங்கவே மறுத்துவிடும். ஏன் இத்தனை கறார்? கண்டுகொள்ளாமல் விட்டால் அந்த அமைப்பின் இயல்பு மதிப்புதான் அமலில் இருக்கும். முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கின் நுழைவை அறவே தடுத்துவிட்டோம் என்றே நிர்வாகி நம்பிக்கொண்டிருப்பார்.

அமைப்பின் மதிப்பு புரியாதபோதும் இதே ஆபத்துதான். 2017-இல், லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி மென்பொருளில் அது வெளிப்பட்டது. ஒரு சேவையை '0டே' என்ற பயனர் பெயரில் இயக்கச் சொன்னால், எண்ணில் தொடங்கும் பெயர் செல்லாது என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, சேவையை ரூட் அதிகாரத்திலேயே ஓட்டியது. லாகை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? பின்னர் இதைத் திருத்தினார்கள்.

ஆனால் கறாருக்கும் விலை உண்டு. ஆப்பிளின் மேக் கணினிக்கே உரிய 'யூஸ்கீசெயின்' வரியுள்ள எஸ்எஸ்எச் பயனர் கோப்பை லினக்ஸுக்கு எடுத்துப்போனால் எஸ்எஸ்எச் இணைப்பே கிடைக்காது. அதற்காகத்தான் 'இக்னோர்அன்நோன்' இருக்கிறது: எந்தெந்தப் பெயர்கள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று பயனரே பட்டியலிடலாம். பொறுத்துப்போகும் முடிவு எழுதுபவர் கையில் இருப்பதே சரி. அந்த வரியை மட்டும் கோப்பின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்; அதற்கு முன்னால் வரும் தெரியாத பெயர்களை அது காப்பாற்றாது.